மூன்றடைப்பு

வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில்
டயர்க்கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவே என் ஒர்க்ஷாப்.
கூட்டப்புளியிலிருந்து வந்தார் தொபியாஸ்.
அம்பாசிடர் உடம்பு, ஜப்பான் எஞ்சின்.
ஜாதகம் பார்க்காமல் யாரோ முடித்துவைத்த சம்பந்தம்.

வாட்டர் பம்பின் முதுகில் மூன்று மூக்கு.
இரண்டில் ரப்பர் தொப்பி மாட்டிக் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது.
ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.
ராதாபுரத்து போர்த் தண்ணி குடிக்கிற எஞ்சின்
ஒழுகிய இடத்திலெல்லாம் உப்பில் கையெழுத்துப் போடும்.

முதல் மூக்கு
வண்டிக்குள் இருப்பவர் காலுக்குச் சூடு அனுப்ப.
"சூடா?" என்றார் தொபியாஸ்.
சித்திரை மாதம், காலை பத்தரை.
தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது
கார்புரேட்டர் பனியில் உறையாமல் இருக்க.
இதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

மூன்றாவதில் தொப்பி இல்லை, குழாய் இருந்தது.
உப்பிப்போய், வெடித்து, சொட்டிக்கொண்டு,
ஒரு முழம் வளைந்து
அதே எஞ்சினுக்குள் திரும்ப நுழைந்தது.
கொல்லை வழியாகப் போய் வாசல் வழியாக வருகிறவனுக்கு
அப்படி என்ன சோலி?
எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மூக்குகளை உருவி எடுத்தேன்.
துகள் உள்ளே விழாமல் டேப்பில் கிரீஸ் அப்பி
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
அலுமினியம் முனகாமல் மரை வெட்டினேன்.
பேட்டையில் ஆவுடையப்பன் கடைந்து தந்த பித்தளை அடைப்பான்
மூன்று. வெள்ளை நாடா ஆறு சுற்று.
குழாயின் மறுமுனை இருந்த ஓட்டைக்கு ஒரு போல்ட்.
எஞ்சினை ஓடவிட்டு அடியில் செய்தித்தாள் விரித்தேன்.
ஒரு எழுத்துகூட நனையவில்லை.
பில் எழுதினேன்: அடைப்பான் மூன்று, ஒன்று நூற்று எண்பது.

நாற்பது நிமிஷம். போன்.
"வண்டி கொதிக்கி வே. முள்ளு செவப்புல நிக்கி.
ஆனா ரேடியேட்டரத் தொட்டா
பச்சத் தண்ணியால்லா இருக்கு?"
"எங்க நிக்கிய?"
"மூணடைப்புல."

பைக்கில் போகும்போது
பாதி வழியில் புரிந்தது.
உள்ளே ஒரு கதவு இருக்கிறது.
வெந்நீர் வந்து தொட்டால்தான் திறக்கும்.
அந்த வெந்நீரைக் கதவு வரைக்கும்
கூட்டிக்கொண்டு போன குழாயைத்தான்
சோலியற்றவன் என்று கழற்றியிருக்கிறேன்.
எஞ்சின் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருக்க
கதவுக்குச் சேதி போகவில்லை.
பைபாஸ் ரோட்டில் பதினோரு வருஷமாகக் கடை.
நான் அடைத்தது பைபாஸை.

வேலிக்கருவை நிழலில்
தொபியாஸ் வீட்டம்மா ரெஜினா
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறையால்
விசிறிக்கொண்டிருந்தார்.
"மூணையும் அடச்சு அனுப்புனீரே,
ஊர்ப் பேரப் பாத்துதான் வண்டி நின்னுட்டு போல."
சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிக்க முடியவில்லை.

சூடு அடங்க ஒரு மணி நேரம்.
மூடியைத் திறக்கக் கூடாது, சும்மா நிற்க வேண்டும்.
லாரிகள் எங்களைப் புழுதியால் துடைத்துவிட்டுப் போயின.
பிறகு மூன்றாவது அடைப்பானைக் கழற்றினேன்.
உருவிய மூக்கைத் திரும்ப இறக்கி, பசை தடவி,
போல்ட்டை எடுத்துவிட்டு,
பழைய குழாயின் அளவுக்கே புதுத் துண்டு வெட்டி
இரண்டு கிளிப் முறுக்கினேன்.
கேன் தண்ணி ஊற்றி, சாவியைத் திருப்பச் சொல்லி,
ரேடியேட்டரின் மேல்குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
கொஞ்சம் வெதுவெதுப்பு.
பிறகு ஒரே மூச்சில் கையைச் சுட்டது.
சுடட்டும் என்று
இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினா பில்லை எடுத்து நீட்டினார்.
மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன்.
இருநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன்.
இருபது ரூபாய் மீதி அவர் தரவில்லை.
நான் கேட்கவும் இல்லை.