மேசைக்குக் கீழே

நாடாக்களை எல்லாம் அழித்துவிட்டார்கள்.
அப்போது நாடா விலை அதிகம்,
சிரிப்பு மலிவு.
ஓர் இரவின் கைதட்டல் மேல்
குதிரைப் பந்தயத்தைப் பதிந்தார்கள்,
குதிரைகள் மேல் வானிலையை.
தப்பியது ஒன்றே ஒன்று:
"சாவி யாருடையது?"
எழுபத்தொன்று, நவம்பர்.

லீட்ஸில், ஜன்னலில்லாத அறையொன்றில்
நாற்பது தடவை பார்த்தேன்.
அதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.
முகம் தெரியாத மூன்று பேர்
ஒரே சாவியைக் காட்டி என்னுடையது என்பார்கள்.
இருவர் புளுகு, ஒருவர் மெய்.
நான்கு பிரபலங்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள்,
எந்தப் பூட்டு, எந்தக் கதவு,
மழை பெய்தால் கதவு இறுகுமா?
வென்றவருக்கு ஒரு தேநீர்க் கெண்டி.
இதற்காகவா
ஞாயிறு இரவுகளில் மதுக்கடைகள் காலியாகக் கிடந்தன?
இதற்காகத்தான்.

இரண்டாம் நாற்காலியில் மியூரியல் ட்ரான்டர்,
மூன்றாவதில் டெஸ்மண்ட் ஓக்‌ஷாட்.
ஏட்டிக்குப் போட்டி.
அவர் வாயைத் திறந்தால் இவர் கதவைச் சாத்துவார்.
"நேற்றைய ரொட்டி" என்று இவர் அவரைச் சொல்ல
அரங்கம் குலுங்கும்.
பத்தொன்பதாவது நிமிடத்தில்
திட்டிக்கொண்டே அவர் பக்கம் லேசாகச் சாய்வார்.
என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்:
"இளக்காரம். நன்றாக இருக்கிறது.
புதியவர்களுக்குக் காட்ட வேண்டும்."

தயாரிப்பாளர் இமோஜன் சாலிஸ் சொன்னார்:
அதே விளையாட்டு, அதே மணி,
அதே அசட்டு ஜோக்குகள்,
மேசை மட்டும் புதிது.
முழுக்கக் கண்ணாடி.
உள்ளே நீல விளக்கு ஓடும்.
இந்தத் தலைமுறைக்கு
ஒளித்து வைத்தால் பிடிக்காது.

பழைய நால்வரில் மிஞ்சியவர் மியூரியல்.
தொண்ணூற்றொன்று வயது, ஊன்றுகோல்,
தக்காளி நிறத்தில் காலணி.
எங்கள் பூங்கொத்தை வாங்கவில்லை.
மேசையைப் பார்த்தார்.
"காலை எங்கே வைப்பது?" என்றார்.
எல்லோரும் சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.

ஒப்பனை அறையில்
கழுத்தில் துண்டும் பாதி முகத்தில் பவுடருமாகச் சொன்னார்:
டெஸ்மண்டின் வலது முழங்கால்
முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை நடுங்கும்.
வியாதிக்குப் பெயர் இருந்தது.
பெயர் வெளியே வந்தால் ஒப்பந்தம் போய்விடும்.
அவர் காலணிமேல் என் பாதத்தை வைத்து
அழுத்திக்கொண்டே இருப்பேன்.
ஏழு வருஷம்.
மேலே வாய் சும்மா இருந்தால்
கீழே என்ன என்று யாராவது யோசிப்பார்கள் இல்லையா,
அதனால் திட்டினேன்.

பிறகு,
"அவர் நிஜமாகவே பழைய ரொட்டிதான்"
என்று சொல்லிவிட்டு
இன்னொரு கன்னத்தைக் காட்டினார்.

நாற்பத்தோராவது தடவை போட்டுப் பார்த்தேன்.
மரப்பலகை. எதுவும் தெரியவில்லை.
பத்தொன்பதாவது நிமிடம்,
அந்தச் சாய்வு.
குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தேன்.
பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்
அப்படியே விட்டேன்.

ஒரு விரிப்பு போடச் சொல்லிக் கேட்டார்.
வெளிச்சம் செத்துவிடும் என்றார் இமோஜன்.

முதல் மணி அடித்தது.
மியூரியல் குனிந்தார், நேரம் எடுத்துக்கொண்டார்,
இரண்டு காலணிகளையும் கழற்றிக்
கண்ணாடி மேல், மணிக்குப் பக்கத்தில்,
ஜோடியாக வைத்தார்.
"இது என்னுடையது.
யாருக்கும் சந்தேகம் இல்லையே?"
அரங்கம் அதிர்ந்தது.
பக்கத்து நாற்காலிச் சமையல்காரர்
சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.
கேமராக்கள் எல்லாம் காலணிகளுக்கே ஓடின.
கீழே, நீல வெளிச்சத்தில்,
நரம்போடிய இரண்டு வெறும் பாதங்களை
அப்போது ஒருவரும் பார்க்கவில்லை,
நான் தவிர.
இடது பாதம் சற்றுத் தள்ளி, தரைமேல்
அழுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரச் செலவுப் பட்டியலில்
மேசை விரிப்பு ஒன்று, தடிமனாக,
என்று சேர்த்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்: கால்கள்.
எத்தனை என்று கணக்குப் பிரிவு கேட்டு அனுப்பியது.
நாற்காலிகள் நான்கு.
பத்து என்று எழுதினேன்.