சம்பளச் சான்று

செவ்வாய்க்கிழமை, கங்கைகொண்டான் ஆலை.
கதவை முழங்கையால் தள்ளி வந்தார் சொரிமுத்து,
கையில் எனக்கும் சேர்த்து டீ.
“சம்பளச் சான்று ஒண்ணு வேணும் மேடம்.
பேங்க்ல கேக்காவ.
மானூர்ல அஸ்திவாரம் போட்டாச்சுல்லா.”

என் இழுப்பறையில்
வெள்ளிக்கிழமைக்கான பட்டியல்.
பதினொன்றாவது பெயர்;
இனிஷியலைச் சரிபார்த்தவளே நான்.

‘நிரந்தரப் பணியாளர்’ என்கிறது படிவம்.
இன்றைக்கு அது பொய்யில்லை.
வியாழன் வரைக்கும் பொய்யில்லை.

வெளியே சொல்வதில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
டீ ஆறுகிறது.

“சீல் மை காஞ்சுபோச்சு அண்ணாச்சி,
திங்கக்கிழமை பாப்போம்.”
“அதுக்கென்ன” என்று
தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

புதன் காலை
என் மேசையில் புது மைப்பெட்டி, ஊதா.
அடியில் துண்டுச்சீட்டு:
‘ஜங்ஷன்ல வாங்குனது. துட்டு வேண்டாம்.’

மூடியைத் திறந்து பார்த்தேன்.
நல்ல ஈரம்.