வியாழக்கிழமை விலை

எங்கள் தெருமுனைக் கடையில் துணிக்கு
எடைதான் விலை.
திங்களன்று சரக்கு இறங்கும்: கிலோ அறுபது ஸ்வோட்டி.
செவ்வாய் நாற்பத்தெட்டு. புதன் முப்பத்தாறு.
வியாழன் இருபத்துநான்கு.
வெள்ளிக்கிழமை வெறும் பன்னிரண்டு, ஆனால் அன்றைக்கு
மிஞ்சிக் கிடப்பவை ஒற்றைக் கையுறைகளும்
ஏதோ பெயின்ட் கம்பெனியின் பெயர் போட்ட பனியன்களும்தான்.
வூச் நகரத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு
ஜெபம் மறந்தாலும் இந்தப் பட்டியல் மறக்காது.

செவ்வாயன்று அதைப் பார்த்தேன்.
கருநீலப் பனியுடை,
கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு,
முழங்காலில் இரட்டைத் துணி.
ஜிப்பை இழுத்தேன், மீன்போல் ஓடியது.
டிமோனுக்கு வயது ஐந்தரை, உடுப்பு ஏழுக்கானது.
இரண்டு குளிர்காலம் தாங்கும்;
அவன் கொஞ்சம் தயவு பண்ணி மெல்ல வளர்ந்தால்
மூன்று.

கையில் ஏந்தி நிறுத்துப் பார்த்தேன்.
ஒன்றேகால் கிலோ இருக்கும்.
இன்றைக்கென்றால் அறுபது. வியாழனென்றால் முப்பது.
நடுவே இருக்கும் முப்பது ஸ்வோட்டி
ஒரு ஜோடி பூட்ஸில் இடது கால்.

அதனால் ஒளித்தேன்.
கடையின் கடைசி மூலையில்
குஞ்சுக்கோழி அச்சிட்ட ஈஸ்டர் மேஜைவிரிப்புகள்,
அவற்றுக்கு அடியில்.
அக்டோபரில் யார் ஈஸ்டரைத் தேடப்போகிறார்கள்?
உள்ளே செருகும்போது விரலில் ஏதோ
மெத்தென்று பட்டது.
சிவப்பு வெல்வெட் கவுன், மூன்று வயதுக்கானது,
நாலாக மடித்து, பொத்தான்கள் உள்பக்கமாக.
என்னைப்போல் ஒருத்தியின் வியாழக்கிழமை.
அதன்மேல் இன்னொரு கோழிக்குஞ்சு விரிப்பை இழுத்துவிட்டு
ஒன்றும் அறியாதவள்போல் திரைச்சீலைகளைத் தடவியபடி
வெளியே வந்தேன்.

புதன் இரவு வானொலி பனி வரும் என்றது.
வானிலைக்காரனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவான்.
நான்தான் விடியவிடியக் கண்ணை மூடாமல்
ஊரிலுள்ள ஏழு வயதுப் பையன்களையெல்லாம்
ஒவ்வொருவனாக அந்த உடுப்புக்குள் நிறுத்தி
பொருந்துகிறதா பார்த்துக்கொண்டிருந்தேன்.
எல்லோருக்கும் பொருந்தியது.

வியாழன், கடை திறக்குமுன் பதினோரு பேர்.
கதவு திறந்ததும் நான் ஓடவில்லை.
ஓடினால் தெரிந்துவிடும்.
வேக நடை, அவ்வளவுதான்.
எனக்கு முன்னால் இன்னொருத்தியும் அதே வேக நடை,
அதே மூலைக்கு.
விரிப்புகளை அவள் ஒரு பக்கம் தூக்க
நான் மறுபக்கம் தூக்கினேன்.
வெல்வெட் கவுன் இருந்தது.
பனியுடை இருந்தது.
இரண்டுக்கும் நடுவில், நாங்கள் இருவரும் வைக்காத
மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றும் இருந்தது.

பேசிக்கொள்ளவில்லை.
அவரவர் உடுப்பை எடுத்துக்கொண்டு
மழைக்கோட்டை மறுபடி மூடினோம்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல.
பிறகுதான் கவனித்தேன்:
விரிப்புகள் அத்தனையும் ஓரம் ஒட்டி மடிக்கப்பட்டிருந்தன.
நான் அப்படி மடிக்கவில்லை.
புதன்கிழமைதோறும் இந்த மூலையை அடுக்குபவள்
கடைக்காரி பெலகியா.

தராசருகே அவள் முகத்தைப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
"ஈஸ்டர் சாமான் எதுவும் வேண்டாமா, டோப்ரோஹ்னா?"
என்று மட்டும் கேட்டாள்.
பனியுடையின் பைகளைத் தானே துழாவி
வலது பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள்.
ஏதோ கடற்கரையின் கல், முட்டைபோல் வழவழத்தது.
அதை ஓரமாக வைத்துவிட்டு உடுப்பை மட்டும் நிறுத்தாள்.
ஒரு கிலோ இருநூறு கிராம்.
இருபத்தெட்டு ஸ்வோட்டி, எண்பது காசு.
ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகு
கல்லை எடுத்து அதே பையில் போட்டு
ஜிப்பை மூடினாள்.

பனி அன்றைக்கு வரவில்லை.
டிமோன் சமையலறையில் வியர்க்க வியர்க்க
அதை அணிந்துகொண்டே சூப் குடித்தான்.
கையின் நீளத்தை இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன்.
கல்லைக் காதில் வைத்துப் பார்த்தான், நக்கிப் பார்த்தான்.
"உப்பு" என்றான்.
நான் நம்பவில்லை.
அவன் தூங்கிய பிறகு
நானும் நக்கிப் பார்த்தேன்.