இருநூற்று எண்பது கிராம்

மும்முனைக் கரண்டு இன்று
இரவு இரண்டு பத்துக்கு வந்தது.
மோட்டார் கொட்டகைக் கதவில் தேள் இல்லையென்று
டார்ச்சு அடித்துப் பார்த்த பிறகுதான்
ஸ்டார்ட்டரில் கை வைப்பேன்.
நானூற்று இருபது அடி.
தண்ணீர் வருமுன்
குழாய் ஒருமுறை இருமும்.
அந்த இருமலுக்குக் காத்து நிற்பது
நாளின் முதல் வேலை.

புதுவயல் போகிற ரோட்டில்
செம்புறாங்கல் குழிக்கு அடுத்த தோட்டம்.
ஒன்றேகால் ஏக்கர்.
எலுமிச்சை நூற்றுப் பத்து, பலா ஒன்பது,
பலா நிழலில் ஏழு காப்பிச் செடி.

சிரிக்கலாம்.
வேளாண்மை ஆபீசிலும் சிரித்தார்கள்.
மானியப் படிவத்தில் காப்பிக்குக் கட்டம் இல்லை,
'இதர' என்று எழுதிப்
பேனாவை மூடிவிட்டார் அந்தத் தம்பி.
தாண்டிக்குடியிலிருந்து லாரியில் வந்தவை இருபத்தொன்று.
முதல் கத்திரியிலேயே பதினான்கு கருகின.
மீதி ஏழும் ஏன் சாகவில்லையென்று
எனக்குத் தெரியாது,
அவற்றுக்கும் தெரியாது போல.

சொட்டுநீர்க் குழாயில் அணில் கடித்த இடம்
நேற்று மூன்று, இன்று ஐந்து.
துளையை அடைக்கும் உப்பை
பல்துலக்கித் தேய்ந்த பிரஷ்ஷால் சுரண்டுகிறேன்.
மயிலுக்கு எலுமிச்சை வேண்டாம்,
அதனடியில் நான் ஊன்றிய தட்டைப்பயறு வேண்டும்.
விரட்டினால் ஓடாது.
வழி தவறி வந்தவள் நான்தான் என்பதுபோல்
கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும்.

களையெடுக்க வருகிறேன் என்ற அடைக்கியை
கண்மாய் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
அங்கே நிழல் உண்டு, பேச்சுத்துணை உண்டு.
நானாயிருந்தாலும் அங்கேதான் போவேன்.
ஆகவே மம்பட்டியும் நானும்,
பிறகு மம்பட்டியின் பிடி கழன்று
நான் மட்டும்.

எலுமிச்சை கிலோ நூற்றிருபது விற்ற சித்திரையில்
என் மரங்களில் வெறும் இலை.
கிளை தாங்காமல் காய்த்த ஆவணியில்
பதினாலு ரூபாய்.
'அடுத்த வாரம் ஏறும்' என்கிறார் கமிஷன் கடைக்காரர்.
பத்து வருஷமாய் அவர்
அடுத்த வாரத்தில்தான் குடியிருக்கிறார்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வெல்டிங்.
வீடியோவில் முகம் பாதி, கூரை பாதி.
'அந்த ஏழையும் பிடுங்கிட்டு
எலுமிச்சையவே வையி' என்பார்.
'சரியாக் கேக்கல' என்பேன்.
நன்றாகத்தான் கேட்கும்.

பங்குனிக் கடைசியில் ஒரே ஒரு மழை பெய்தது.
ஒன்பதாம் நாள் விடியலில்
ஏழும் கணுவுக்குக் கணு வெள்ளை.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அடைக்கி கத்தினாள்,
'யாரு வீட்டுலடி பிச்சி பூத்திருக்கு?'
காப்பி என்றால் நம்பவில்லை.
மூன்றே நாள். நாலாம் நாள் பழுப்பு.

தையில் பழம்.
ஒன்றாய்ப் பழுக்கிற ஒழுக்கம் கிடையாது,
இன்றைக்கு நாலு, நாளைக்கு ஒன்பது,
இராத்திரி மரநாய் பங்குக்கு எத்தனையோ.
மாடியில் காயப்போட்டு, பனிக்கு முன் அள்ளி,
உரலில் மெல்லக் குத்தி, சுளகில் புடைத்து,
மளிகைக் கடைத் தராசில் வைத்தால்
இருநூற்று எண்பது கிராம்.
கடைக்காரர் மறுபடி நிறுத்துப் பார்த்தார்,
மரியாதைக்கு.

காயில் கருகிய மோட்டாரை மாட்ட
சேவுகன் வந்த அன்றுதான் வறுத்தேன்.
இரும்புச் சட்டி, புகை, கண்ணெரிச்சல்.
ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல்
நீண்டநேரம் கிண்டிக்கொண்டிருந்தேன்.
கூலி நாலாயிரத்து இருநூறை எண்ணிப் பையில் வைத்தபின்
தம்ளரை வாங்கி ஆற்றிக் குடித்தார்.
நான் அவர் முகத்தையே பார்த்தேன்.
'காப்பி மாதிரியே இருக்கு' என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
'சீனி இருக்கா?'

மாலையில் கணக்கு நோட்டைத் திறந்தேன்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.
காப்பி என்று எழுதிய பேனா
எந்தப் பக்கம் போவதென்று நின்றது.
ஊறிய தம்ளரின் அடி
நடுக்கோட்டின்மேல் வட்டமாய்க் கறை போட்டது.
காயட்டும் என்று விட்டுவிட்டு
வெளிச்சம் இருக்கும்போதே
நாலாம் வரிசை அடைப்பைப் பார்க்கப் போனேன்.