தென்கிழக்கு மூலை

திங்கட்கிழமை வந்து சேர்ந்தது இந்தத் திங்கள்,
பால்மாவு டப்பா ஒன்றில், பருத்தித்துணி சுற்றி.
எர்ஃபூத் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸு அனுப்பியது.
ஆய்வுக்கு இருபது கிராம் போதும்.
அவனோ இரண்டே கால் கிலோவையும் அனுப்பிவிட்டான்;
தன் ரம்பத்தின்மேல் அவநம்பிக்கை,
என் ரம்பத்தின்மேல் அசட்டு நம்பிக்கை.

பர்னோவில் அன்று பனி. வெப்பக்குழாய் முனகியது.
சாம்பல் கல். உள்ளே வெள்ளை வெள்ளையாய்த் துண்டுகள்.
'நிலவா, கசாப்புக்கடை இறைச்சிக்கட்டியா?'
என்றாள் பக்கத்து மேசை ராட்கா,
சாப்பிட்டுக்கொண்டே.

முடியினும் மெல்லியதாய்ச் சீவினேன்.
கல்லுக்குள் வெளிச்சம் புகுந்தது.
அடிபட்டு, நொறுங்கி, பாதி உருகி,
யாரும் கேட்காமலே மறுபடி ஒட்டிக்கொண்ட கல்.
பைராக்சீனில் இரும்பு அறுபது சொச்சம், மாங்கனீசு ஒன்று.
செவ்வாயின் கணக்கு இப்படி வராது.
ஆக்சிஜன் மட்டும் பிடிகொடுக்கவில்லை:
நம்முடையதும் அதனுடையதும் ஒரே கோட்டில்
அசையாமல் நிற்கின்றன,
ஓர் அடுப்பில் அள்ளிய சாம்பல்.

அப்புறம்தான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன்.

இடுப்பைச் சுற்றி ஒரு தேய்மானம், விரல் அகலம், வழவழப்பு.
விண்ணில் விழும்போது எரிந்த தழும்பு இல்லை.
மணல் அறைந்த தடமும் இல்லை.
விரிசலில் ஒரு மயிர். கருப்பு. சற்றுச் சுருள்.
என் பட்டியலில் ஆட்டுக்கு இடமில்லை.

பஸ்ஸுவுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் சிரித்தான்.

திந்தூஃபுக்குக் கிழக்கே கல்தரை.
சல்கா என்றொருத்தி. அவள் தம்பி லெஹ்பீப்
கழிமுனையில் காந்தம் கட்டி வானத்துக் கல் தேடுகிறவன்.
காந்தம் இதை முகர்ந்தும் பார்க்கவில்லை.
வீசி எறிந்தான்.
மதிக்காமல் எறிந்த மதி.
சல்கா எடுத்துக் கையில் எடை பார்த்தாள்,
ஆட்டுமயிர்க் கயிற்றில் கட்டினாள்,
இரிஃபிக் காற்று வந்து மோதும்
தென்கிழக்கு மூலையில் கூடாரத்துக்குத் தொங்கவிட்டாள்.
மூன்று கோடை.
கடலையே தூக்குகிற நிலா
அங்கே ஒரு துணி எழும்பாமல் பார்த்துக்கொண்டது.

படிவம் இதையெல்லாம் கேட்பதில்லை.
வகை: ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த பிரெக்சியா.
சிதைவு: குறைவு; பாலைவன பேரியம் சற்றே ஏறியிருக்கிறது.
கண்டெடுத்த இடம்: தெரியாது.

தெரியாது என்றா எழுத?
உடைந்த கிணற்றுக்கு அப்பால்,
சிவப்பு ஒட்டகம் குட்டி ஈன்ற மேட்டிலிருந்து
நிழல் காலடிக்கு வரும்வரை நடந்தால் வரும் இடம்.
சல்காவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.
'எழுதிவிடாதே' என்றான் பஸ்ஸு.
'நாளைக்கே ஐம்பது மோட்டார்சைக்கிள் நிற்கும்.'

அவளுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன்.
அந்த நேரம் பார்த்து
இணைப்பில் இரைச்சல்.

பெயர் வரும்: வடமேற்கு ஆப்பிரிக்கா,
பின்னால் ஐந்து இலக்கம்.
ஊருக்குத் திசை, ஆளுக்கு எண்.
மயிரை அசிட்டோனில் கழுவி எடுத்தேன்; அது மாசு, விதி அப்படி.
வெட்டும்போது மட்டும் கல்லைத் திருப்பி வைத்தேன்,
ரம்பம் பள்ளத்தைத் தொடாதபடி.
ராட்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸுவே கூப்பிட்டான், எடையைச் சரிபார்க்க.
வைக்கும்முன் கேட்டேன்:
இப்போது அந்த மூலையை எது பிடித்திருக்கிறது?

'பிளாஸ்டிக் கேன். தண்ணீர் நிரப்பி' என்றான்.
'காலையில் கெட்டியாய் நிற்குமாம்.
குடிக்கக் குடிக்க
அந்தப் பக்கம் எழும்புமாம்.'