சீவிய உருத்து

கார்த்திகை வெள்ளம் முழங்கால்வரை வந்துபோன
காணிப் பதிவகத்தில்
நனைந்த உறுதிகளைக் கட்டவிழ்த்து
மின்விசிறிக்குக் கீழே பரப்புவது
இந்த மாதம் என் வேலை.
நாட்கூலி. முகக்கவசத்துக்குள்ளும் பூஞ்சண மணம்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.
கட்டுக்குக் கட்டு ஒரே கையெழுத்து:
எலியேசர் வேலாப்போடி,
புறக்டர், நொத்தாரிசு, புளியந்தீவு.
அந்த ‘வே’யின் கொம்பு
தும்பிக்கைபோல் மேலே போய்
ஒரு சுழி சுழித்து இறங்கும்.
வெள்ளம் முத்திரையைக் கரைத்தது,
சாட்சிகளின் பெயர்களைக் கரைத்தது.
இந்த மையை அதனால் முடியவில்லை.

இலக்கம் ஒன்று:
கல்லடியில் நாலு தென்னை, கிணற்றில் பாதி.
விற்பவர் கைநாட்டு, வாங்குபவர் கைநாட்டு,
நடுவில் எழுதத் தெரிந்த ஒரே ஆள்.

முந்நூறு தாண்டியதும் தொழில் மாறுகிறது.
அத்தாட்சிக்கு வேறொரு நொத்தாரிசு.
கடன் கொடுத்தவர் இடத்தில்
அதே தும்பிக்கை.

படுவான்கரைக் களவெட்டியில்
பொலி என்றால் குவியும் நெல்.
அவருடைய பேரேட்டில் பொலி என்றால் வட்டி.
போடியார் மகனல்லவா, இரண்டும் தெரியும்.
வேளாண்மை பொய்த்த வருடங்களை அறிய
எனக்கு மழைக் கணக்கு வேண்டாம்.
அந்த வருடக் கட்டுகளைத் தூக்க
இரண்டு பேர் வேண்டும்.

கப்பலில் வந்த இரும்புப் பெட்டகம்
முகத்துவாரத்தில் வத்தை சரிந்து
இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்ததாம்.
நட்டஈடு கேட்ட கடிதமும்
தரமுடியாதென்ற பதிலும்
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.
பிரிக்கையில் கொஞ்சம் கிழிந்தது.
மேலதிகாரியிடம் சொல்லவில்லை.

பிறகு மலையில் கோப்பி பட்டது.
கொழும்பில் ஏதோ வங்கி கதவடைத்ததென்று
தபாலோடு சேதி வந்திருக்க வேண்டும்.
வைத்த காசைக் கேட்டு
தோணி தோணியாய்ச் சனம் வந்திருக்க வேண்டும்.
அதெல்லாம் உறுதியில் இல்லை.
உறுதியில் இருப்பது இவ்வளவு:
ஒரே தேதியில் பதினேழு காணி விற்றிருக்கிறார்,
எல்லாம் தன்னுடையவை, வந்த விலைக்கு.
அதே தேதியில்
பூரணிப்பிள்ளை என்ற கைம்பெண்ணின் ஈடு
‘தீர்ந்தது.’
பணம் பெற்றதாக வரி இல்லை.

நல்ல மனிதர் என்று முடித்துவிட ஆசை வந்தது.
தேநீர் குடித்துவிட்டு அடுத்த கட்டை அவிழ்த்தேன்.
மறுமாதம் நாற்பத்தொரு வழக்கு.
மண்முனையில் ஒருவனுடைய வயல்,
உழவு எருமை இரண்டு,
அவற்றின் கயிறு உட்பட ஏலம்.
கயிறு உட்பட என்று
அவர்தான் எழுதியிருக்கிறார்.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு.
எத்தனை சட்டம் படித்தாலும்
ஆண் மனைவி வீட்டில்தான் படுத்தெழும்ப வேண்டும்.
மூத்தவளுக்குக் கல்வீடு, சீதனம்.
அடுத்தவளுக்கு அதைவிடப் பெரியது.
மனைவி செத்த வருடம்
அவள் வீடு கடைசி மகள் பேருக்கு மாறியது.
பாதி ஊரை ஈட்டுக்கு வைத்திருந்தவருக்கு
ஒரு கூரை சொந்தமில்லை.

நேற்று என் வீட்டுக்கடன் விண்ணப்பம் திரும்பிவந்தது.
நிரந்தர நியமனம் இல்லையாம்.
காரணத்தை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்,
பெயரை மட்டும் பேனாவால் நிரப்புகிறார்கள்.

இன்று கடைசிக் கட்டு.
சுழி நடுங்குகிறது, பாதியில் நின்று
மறுபடி தொடங்குகிறது.
கடைசி மகளோடு செய்த உடன்படிக்கை:
மேற்கு அறையில் சாகும்வரை சீவிய உருத்து.
கிணற்றில் தண்ணீர் மொள்ள,
தெரு வாசலால் போய்வர,
மழைக்கு விறாந்தையில் நிற்க உரிமை.
எத்தனையோ பேருக்கு எழுதிக்கொடுத்த வாசகம்,
எழுத்துப் பிசகாமல்.

‘மழைக்கு விறாந்தையில் நிற்க’ மட்டும்
வேறெந்த உறுதியிலும் நான் காணவில்லை.

தாள் இன்னும் ஈரம்.
நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தேன்.