இருநூற்றுப் பன்னிரண்டு முற்றுப்புள்ளிகள்

ரீகா நகர டிராம் கழகத்தில் என் வேலை
பிறர் அறிந்ததை அடுக்கி வைப்பது.
அட்டையில் அறிவு மேலாளர் என்று போட்டிருக்கும்.
யாருடைய அறிவுக்கு, என்று கேட்டாள் அம்மா.
இன்னும் பதில் சொல்லவில்லை.

பழுது பார்த்தவர் ஒவ்வொருவரும்
திரையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.
வண்டி எண், நேரம், மாற்றிய பாகம்.
கடைசியில் சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டம்:
"இதிலிருந்து கற்றது என்ன?"
வெறுமையாக விட்டால் படிவம் நகராது.
ஆகவே எல்லோரும் ஒரு புள்ளி வைத்தார்கள்.

நவம்பரில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு.
எண்ணினேன்.
மேலிடத்துக்குப் போன வரைபடத்தில்
அத்தனையும் நிறைவுற்ற படிவங்கள்,
நூற்றுக்கு நூறு, பச்சை நிறத்தில்.
ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை,
ஏட்டுச் சுரை விதை.

ஜனவரியில் குளிர்
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
பத்தாம் தடத்தில் கதவுகள் திறக்கவில்லை.
சந்தையில் இறங்க வேண்டியவர்கள்
மீன் வாங்காமலே ஆற்றைத் தாண்டிப் போனார்கள்.

அன்றிரவு மூன்றாம் பணிமனையிலிருந்து
விஸ்மாவின் படிவம்.
கடைசிக் கட்டத்தில்
புள்ளிக்கு முன்னால் சொற்கள் இருந்தன.

"கெட்டிலில் வெந்நீர் வைத்துக்
கதவுத் தடத்தில் ஊற்றினேன். திறந்தது.
பத்தே நிமிடத்தில் முன்னைவிடத் தடித்த பனிக்கட்டி.
புத்திகெட்ட வேலை. என் தவறு.
யாரும் செய்யாதீர்கள்."

விடிவதற்குள் நாற்பது பேர் படித்துவிட்டார்கள்.
என் எட்டு மாதச் சுற்றறிக்கைகளை
அத்தனை பேர் சேர்ந்தும் படித்ததில்லை.

கீழே ஒருவர்: நானும் ஊற்றினேன், ஆறு வருடம் முன்பு.
இன்னொருவர்: நான் போன வாரம்.
மூன்று பணிமனை, ஆறு குளிர்காலம்,
அதே வெந்நீர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
கதவைப் போலவே.

பிறகு லாஸ்மா. ஓட்டுநர்.
அவளிடம் யாரும் படிவமே கேட்டதில்லை.
விஸ்மாவின் கணக்குக்குள் புகுந்து எழுதினாள்:
"காலி வண்டியில் கதவு உறைவதில்லை.
நெரிசல் வண்டியில்தான். அது ஏன்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் கட்டம் இல்லை.

வெளியே பெய்யும் பனி என்றே நினைத்திருந்தோம்.
அது பயணிகளின் மூச்சு.
கண்ணாடியில் படிந்து, வழிந்து,
அடித்தடத்தில் தேங்கிய
நூறு பேர் மூச்சு.
உள்ளேயே பிறந்து
போக வழியில்லாமல்
கல்லானது.

சூட்டுக்குழாய் ஓடும் பக்கமாக
சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை.
அவ்வளவுதான்.
முதல் துளை கோணலாகப் போனது;
விஸ்மா அதையும் எழுதினாள்.

இயக்குநர் ஐனார்ஸ் கேக் வெட்டினார்.
"சிறந்த நடைமுறை" என்று
சட்டமிட்டு மாட்டச் சொன்னார்.
லாஸ்மாவுக்கு அழைப்பு போகவில்லை.
கணினியின் பட்டியலில்
ஓட்டுநர் என்றொரு பிரிவே நான் வைத்திருக்கவில்லை.
என் படிவம் இது. நிரப்பிவிட்டேன்.

திங்களன்று சிவப்பு நட்சத்திரத்தை எடுத்தேன்.
கேள்வியையும் மாற்றினேன்:
"எது சரியாக வரவில்லை?"
எல்லோரும் வெறுமையாக விட்டார்கள்.
வரைபடத்தில் பூஜ்யம்,
தொலைபேசியில் மேலிடம்.

செவ்வாய் மாலை ஒரே ஒரு வரி வந்தது.
பெயர் இல்லை,
முற்றுப்புள்ளியும் இல்லை:

"மணற்பெட்டியில் மணல் ஈரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன் ஆனால்